பரணில் கிடக்கும் பழைய துப்பாக்கி: துருவைத் தொடும் முன்

பயிர்க் காவலுக்கென்று பாட்டனார் காலத்தில் வாங்கிய துப்பாக்கி இன்றும் சில விவசாயக் குடும்பங்களில் இருந்து வருகிறது. மலையடிவாரக் கிராமங்களில் அது பெரும்பாலும் வாய் வழியே மருந்து கெட்டித்துச் சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கியாக இருக்கும். சற்று வசதியாக வாழ்ந்த வீடுகளில் தோட்டா போட்டுச் சுடும் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கும். வாங்கியவருக்கு முதுமை வந்ததும் அதனை எடுப்பார் இல்லை. உர மூட்டைக்குப் பின்னாலோ சமையலறைப் பரணிலோ கிடந்து, பல மழைக்காலங்களைக் கண்டபின் ஒருநாள் மகன் அல்லது பேரன் கையில் அகப்படுகிறது. குழல் செந்துருவேறி இருக்கிறது, கட்டை கறுத்திருக்கிறது. இதனைச் சரி செய்ய முடியுமா என்று கிராமங்களுக்குச் செல்லும்போது எங்களைக் கேட்பவர்கள் உண்டு.

துருவை நிறுத்தி, கட்டையைத் தேற்றி, பார்க்கத்தக்க நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் முடியும். ஆனால் பார்க்க நன்றாக இருக்கும் துப்பாக்கி வேறு, சுடத் தகுந்த துப்பாக்கி வேறு. முன்னதை உரிமம் உள்ள விவசாயி தம் கையாலேயே ஓரளவு செய்துகொள்ளலாம். பின்னதைத் தீர்மானிக்க வேண்டியவர் பழுது பார்க்க உரிமம் பெற்றவர் மட்டுமே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதில்தான் ஆபத்து இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னதாகப் பார்க்க வேண்டியது காகிதம்.

உரிமம் யார் பெயரில் உள்ளது?

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாகும். "துருப்பிடித்துச் சுடவே முடியாமல் கிடக்கிறதே, அதற்கு ஏன் உரிமம்?" என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம். பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படவே இயலாத பழம்பொருளுக்குத்தான் இச்சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. பழுது பார்த்தால் சுடும் என்றால், எவ்வளவு துரு ஏறியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே. அதனைச் சரி செய்யலாம் என்று நாம் நம்புவதே அதற்கு உரிமம் வேண்டும் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது!

தந்தையார் பெயரில் இருந்த உரிமம் அவர் காலமானதும் மகனுக்குத் தானாக வந்து சேர்வதில்லை. உரிமம் முடிந்துபோனாலோ வேறு எக்காரணத்தாலோ துப்பாக்கியை வைத்திருப்பது சட்டப்படி செல்லாததாகும்போது, காலதாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும் என்பது 21ஆம் பிரிவு. ஒப்படைத்த பின், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25ஆம் விதிப்படி வாரிசு தம் பெயருக்கு உரிமம் கோரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மாநகரங்களில் காவல் ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது நிறைந்துவிட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தாம் விரும்பும் வாரிசைக் குறிப்பிட்டு மாற்றித் தரவும் அதே விதி இடம் தருகிறது. முதியவர் உள்ள வீடுகளில் இதனை இப்போதே செய்துவிடுவது நல்லது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதையும் பாகப்பிரிவினையின்போது நினைவில் கொள்ள வேண்டும்.

அதே திருத்தம் தண்டனையையும் கூட்டியிருக்கிறது. உரிமமின்றி வைத்திருப்பதற்குக் குறைந்தது 2 ஆண்டுகள், அதிகம் 5 ஆண்டுகள் சிறைத் தண்டனை. உரிமமின்றித் துப்பாக்கி பழுது பார்ப்பவருக்குக் குறைந்தது 7 ஆண்டுகள். அது ஆயுள் தண்டனை வரை நீளலாம். ஊரில் ஏர்க்கொழு அடித்துத் தரும் கொல்லர் கை தேர்ந்தவராக இருக்கலாம். அவரிடம் துப்பாக்கியை நீட்டுவது அவர் குடும்பத்துக்கே கேடு செய்வதாகும்.

தந்தையார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கிறது என்போர், ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு தாமாகவே அதிகாரிகளை அணுகுவது நல்லது. முதல் முறை செல்லும்போது பழைய உரிமப் புத்தகம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிப் பேருந்தில் ஏற வேண்டாம்.

உள்ளே மருந்து இருக்கிறதா?

பரணிலிருந்து எடுத்த துப்பாக்கி எதுவாயினும் அது கெட்டித்த நிலையில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். வாய் வழித் துப்பாக்கியில் இது மிகவும் முக்கியம். இரவில் பன்றிக் காவலுக்குச் சென்று, சுடாமல் திரும்பி, அப்படியே சாத்திவைத்த துப்பாக்கிகள் உண்டு. கருமருந்து ஆண்டுக்கணக்கில் கெடாது. ஈரம் பட்டால் அப்போதைக்கு எரியாமல் இருக்கலாம். உலர்ந்தபின் மீண்டும் எரியக்கூடும்.

இதனை அறியப் பழைய முறை ஒன்று உண்டு. குதிரையின் கீழுள்ள முளையில் கேப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். இருந்தால் எதையும் தொடாமல் அதிகாரிகளுக்கும் பழுதுபார்ப்பவருக்கும் தெரிவிக்க வேண்டும். கேப்பு இல்லையெனில், முகத்தையும் உடலையும் குழல் வாய்க்கு நேராகக் கொண்டுவராமல், மெல்லிய மரக்குச்சி ஒன்றை அடிவரை மெதுவாக இறக்கி, குழல் வாய் மட்டத்தில் குச்சியில் அடையாளம் இடவும். பின் குச்சியை வெளியே எடுத்து, அந்த அடையாளம் வாய்க்கு நேராக இருக்கும்படி குழலின் மேல் வைத்துப் பார்க்கவும். குச்சியின் முனை முளையின் அருகே வரை எட்டினால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது மருந்தும் ரவையுமாக இருக்கலாம், குளவிக் கூடாகவும் இருக்கலாம். எதுவாயினும் குத்தி எடுக்கவோ, அனலில் காட்டவோ கூடாது. பழுதுபார்ப்பவர் வந்து எடுக்கட்டும்.

தோட்டாத் துப்பாக்கியில் நெம்பை விலக்கிக் குழலை மடக்கினால் இரண்டு அறைகளும் கண்ணுக்குத் தெரியும். துருவினால் மடங்க மறுத்தால் முழங்காலில் வைத்து அழுத்த வேண்டாம். மடங்காத துப்பாக்கி உள்ளே தோட்டா உள்ள துப்பாக்கி என்றே நடத்தப்பட வேண்டும்.

குளவிக் கூட்டைப் பற்றிச் சொன்னேன். மண் குளவிக்கு 12 போர் குழல் அளவெடுத்துக் கட்டிய வீடு போன்றது. (ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை சரியாகப் பொருந்தும் குழல் 12 போர், விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர்.) மடக்கிப் பார்க்காமல் சுட்டால், அந்த மண் கட்டியின் பின்னால் அழுத்தம் தேங்கிக் குழல் அங்கேயே வீங்கும் அல்லது பிளக்கும். பிளக்கும் இடம் பல வேளைகளில் இடக்கை பிடித்திருக்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்கும். புதிய துப்பாக்கிக்கும் இது பொருந்தும்.

சுடத் தகுமா என்று பார்ப்பது எப்படி?

குழல் காலி என்று உறுதியான பின், உரிமதாரர் தாமே சில சோதனைகளைச் செய்யலாம். இவற்றில் தேறிவிட்டால் சுடலாம் என்று பொருள் இல்லை. தேறாவிட்டால் சுடக்கூடாது என்பது மட்டும் நிச்சயம்.

இரட்டைக்குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, அடியிலுள்ள கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, மறு கை விரல் மொட்டியால் தட்டவும். கோயில் மணி போல் ஒலி நின்று தேய்ந்தால் நல்லது. விரிசல் விட்ட மண்பானை போல் சொத்தென்று ஒலித்தால், இரு குழல்களையும் இணைக்கும் பட்டியில் பற்று விட்டிருக்கிறது எனலாம். அந்த இடுக்கில் நீர் இறங்கி உள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும். சந்தையில் பானை வாங்கத் தெரிந்தவருக்கு இந்தச் சோதனையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து, முன்கட்டையைப் பொருத்தாமல் குழலை மட்டும் மாட்டி மூடி, குழலின் அடிப்பாகம் தட்டையான முகத்தோடு சேரும் இடத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவும். அங்கே ஒளிக்கீற்று தெரிந்தாலோ, அசைத்தால் ஆடினாலோ மூட்டு தேய்ந்துவிட்டது. பின் குழலின் உள்ளே ஒளியை நோக்கிப் பார்க்க வேண்டும். நிழல் வளையம் போல் தெரிவது வீக்கம். ஒரு பக்கம் மட்டும் நிழல் விழுந்தால் வெளியிலிருந்து அடிபட்ட நெளிவு. அம்மைத் தழும்பு போன்ற பள்ளங்கள் துரு தின்ற இடங்கள். பள்ளம் எவ்வளவு ஆழம், எஞ்சியிருக்கும் தடிப்பு எவ்வளவு என்பதை அளவுக் கருவி கொண்டுதான் சொல்ல முடியும். தோட்டா அறையின் பக்கம் உள்ள பள்ளங்களே அதிகம் அஞ்சத்தக்கவை, ஏனெனில் அழுத்தம் உச்சத்தில் இருப்பது அங்கேதான்.

துருவின் கீழ் குழல் முழுவதும் பழுப்பு நிறத்தில் சுருள் சுருளாக, பாய் முடைந்தாற்போல் வரிகள் தெரிந்தால் அது முறுக்குக் குழல். இரும்பையும் எஃகையும் பட்டைகளாக முறுக்கி, சுற்றிப் பற்றவைத்து அடித்த 19ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு அது. மிக அழகானது. கருமருந்துக்கென்று செய்யப்பட்டது. இக்காலப் புகையில்லா மருந்துத் தோட்டாவுக்கென்று அது சோதிக்கப்பட்டிருந்தால் ஒழிய, அதில் அத்தோட்டாவைப் போடலாகாது. சோதனை முத்திரைகள் குழலின் அடிப்புறத்தில் இருக்கும். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் 1813ஆம் ஆண்டிலேயே குழல்களைச் சோதித்து முத்திரையிட ஒரு நிலையம் நிறுவப்பட்டது. லண்டனில் அதற்கும் முன்பே இவ்வழக்கம் இருந்தது. முத்திரைகளைப் படித்தறிவது தனிக் கலை, அதைத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

முத்திரையுள்ள நல்ல எஃகுக் குழலிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளின் தோட்டா அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70 மில்லிமீட்டர். இந்த அளவு என்பது சுட்டபின் வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். மடித்து மூடிய புதுத் தோட்டா அதைவிடக் குட்டையாக இருப்பதால் பழைய அறைக்குள்ளும் தடையின்றி நுழைந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடமின்றி, அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும். உள்ளே போகிறது என்பதனால் பொருந்துகிறது என்று கொள்ளலாகாது.

கையால் செய்யத்தக்க வேலை

வெளித்துருவை நீக்க உப்புத்தாளும், அரமும், சுழலும் கம்பித் தூரிகையும் வேண்டாம். இவை துருவோடு நல்ல எஃகையும், குழலின் கருநீலப் பூச்சையும், வேலைப்பாட்டையும் வழித்துவிடும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அழுக்கைத் துடைத்தபின், தையல் இயந்திர எண்ணெயைத் தாராளமாகத் தடவி இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். பிறகு பழைய செப்புக் காசு ஒன்றின் விளிம்பால், எண்ணெய் காயாமல், துருப் புள்ளிகளை மெதுவாகச் சுரண்டவும். செம்பும் வெண்கலமும் எஃகைவிட மென்மையானவை. துரு உதிரும், எஃகில் கீறல் விழாது. பெட்டியடியில் கிடக்கும் ஓட்டைக் காலணா இதற்கு மிகப் பொருத்தம். துடைத்து, எண்ணெயிட்டு, மறுபடி ஊறவிட்டு, மறுபடி சுரண்ட வேண்டும். ஒரு வாரம் ஆகலாம். துருவெல்லாம் போய்ப் பளபளவென்று ஆக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். துரு நின்று, அந்த இடம் கரும்பழுப்பாகத் தங்கிவிட்டால் போதுமானது.

துப்பாக்கி எண் பொறித்த இடத்தில் மட்டும் எண்ணெய் தோய்த்த துணிக்கு மேல் எதையும் பயன்படுத்தாதீர். எண்ணை அழிப்பதோ மாற்றுவதோ 8ஆம் பிரிவின்படி குற்றம். எண் அழிந்த துப்பாக்கி கையில் இருந்தால், அழித்தவர் அவரே என்று கொள்ளவும் அப்பிரிவு வழி செய்கிறது. குழல் வாயில் துரு தின்றுவிட்டது என்று நுனியை அறுத்துக் குட்டையாக்குவதும் உரிமமின்றிச் செய்யக்கூடாத வேலையாகும்.

மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் காவல் செய்யாது. அது ஆவியானதும் எஃகு வெறுமையாகி முன்னைவிட விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே கடைசியில் எண்ணெய் மெல்லியதாகப் பூசியே முடிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை நாளடைவில் பிசினாகி விசைகளைப் பிடித்துக்கொள்ளும். டிராக்டரிலிருந்து வடித்த கழிவு எண்ணெயில் அமிலமும் கரியும் உண்டு. இரண்டும் வேண்டாம்.

கருமருந்து சுட்ட குழலின் உட்புறத்திற்கு எண்ணெயால் பயனில்லை. அந்தக் கசடில் காற்றின் ஈரத்தை இழுக்கும் உப்புகள் உள்ளன, அவை நீரில்தான் கரையும். குழலைக் கழற்றி, நல்ல வெந்நீர் ஊற்றிக் கழுவி, மரக்கோலில் சுற்றிய துணியால் துணி வெளுப்பாக வரும்வரை துடைத்து, சூடு இருக்கும்போதே உலர்த்தி, பின் எண்ணெய் விட வேண்டும். துப்பாக்கிக்குத் தண்ணீரா என்று தயங்குபவர்கள், தெளிப்பானைப் பூஞ்சாண மருந்து அடித்தபின் கழுவாமல் வைத்தால் என்ன ஆகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பூட்டுப் பகுதியைத் திறக்க வேண்டாம். அதன் திருகாணிகளின் வெட்டு மிகக் குறுகலானது. வீட்டுத் திருப்புளி அதைச் சிதைக்கும். உள்ளே இருக்கும் வில்கள் விசையுடன் எகிறும். பழுதுபார்ப்பவரிடம் தரும்போது இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். குழல்களைக் கொதிக்கும் காரக் கரைசலில் முக்கிக் கருநீலம் ஏற்றுவதாகச் சொன்னால் வேண்டாம் எனலாம். பழைய இரட்டைக்குழல்கள் ஈயப் பற்றினால் இணைக்கப்பட்டவை, அக்கரைசல் பற்றையே தின்றுவிடும். துருவிட்டுக் கறுக்கச் செய்யும் மெதுவான பழைய முறையே அவற்றுக்கு ஏற்றது.

கட்டையைத் தேற்றுதல்

கட்டை பெரும்பாலும் அக்ரூட் மரத்தாலானது. துப்பாக்கியை நிமிர்த்தியே வைத்திருந்தால் குழலுக்கும் பூட்டுக்கும் விட்ட எண்ணெயெல்லாம் ஆண்டுக்கணக்கில் கீழிறங்கி, கட்டையின் கழுத்துப் பகுதி ஊறிக் கறுத்து மென்மையாகியிருக்கும். சீமைச் சுண்ணாம்புத் தூளை ஸ்பிரிட்டில் குழைத்து அந்த இடத்தில் அப்பி, உலர்ந்ததும் துலக்கிவிட வேண்டும். தூள் எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகும். தூள் வெள்ளையாகவே உதிரும்வரை திரும்பச் செய்யலாம். நெருப்பருகில் மட்டும் இதைச் செய்யக்கூடாது. அழுந்திய தழும்புகளின் மேல் ஈரத்துணி விரித்துச் சூடான இஸ்திரிப் பெட்டியைச் சிறிது வைத்தால், நார்கள் ஆவியில் ஊதி மேலெழும். மரத்தைத் தேய்த்து இழைத்தால் இரும்போடு பொருந்தும் விளிம்புகள் தாழ்ந்துபோகும், பிறகு அதைச் சீராக்க வழியில்லை. முடிவில் ஆளிவிதை எண்ணெயைச் சில துளிகள் மட்டும் உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து, ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் மறுபடி தேய்க்கவும். பத்துப் பன்னிரண்டு முறை தேய்த்தால் மரத்தின் வரிகள் எழும்பி வரும். இந்த வேலையில் கிடைக்கும் மகிழ்ச்சி தனிதான்.

கழுத்தில் விரிசல் இருந்தால் கம்பி சுற்றியும் ஆணி அடித்தும் ஒப்பேற்றாமல் பழுதுபார்ப்பவரிடம் விட வேண்டும். உளுத்த கட்டையை மாற்றத்தான் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் காட்டுப்பன்றியைச் சுடலாமா? கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தப்படி காட்டுப்பன்றி இரண்டாம் பட்டியலில் உள்ளது. பயிரை அழித்தாலும், உரிய வன அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியின்றிக் கொல்லலாகாது. தமிழக அரசு 2025ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட நடைமுறையிலும் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்கே தரப்பட்டுள்ளது. மயில் முதல் பட்டியலில் உள்ள பறவை, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பன்றித் தொல்லைக்காகத்தான் துப்பாக்கியைப் புதுப்பிக்க நினைக்கிறேன் என்பவர் அந்தப் பணத்தை வேலியில் போடுவதே மேல் என்பது என் கருத்து. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்கள் தங்கள் துப்பாக்கியை வனத்துறையிடம் பதிவு செய்திருக்கவும் வேண்டும்.

வைக்கும் முறை

புதுப்பித்த துப்பாக்கியை உரம், பூச்சிமருந்து வைக்கும் அறையில் வைத்தால் முன்பட்ட பாடெல்லாம் வீண். யூரியாவும் பொட்டாஷும் ஈரத்தை இழுப்பவை. அவற்றின் தூள் பட்ட இரும்பு ஒரே மழைக்காலத்தில் அரிக்கும். தோல் உறையிலோ சாக்கிலோ நெடுநாள் வைப்பதும் கூடாது, அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றோட்டமுள்ள பூட்டிய அலமாரியில், குழல் வாய் கீழ் நோக்கி இருக்குமாறு நிறுத்த வேண்டும். எண்ணெய் கட்டைக்குள் இறங்காமல் இருக்க இதுவே வழி. தோட்டாக்கள் வேறோர் இடத்தில், வேறு பூட்டில் இருக்க வேண்டும். ஈரத்தில் உப்பிய பழைய காகிதத் தோட்டாக்களை வெயிலில் உலர்த்திப் பார்க்காமல் கடைக்காரரிடம் ஒப்படைத்து ரசீது பெறவும்.

தேர்தல் காலங்களில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அப்போது மெல்லிய கிரீஸ் பூச்சு ஒன்று கொடுத்து, எண்ணைக் குறித்த அட்டையைக் கட்டி ஒப்படைத்தால், திரும்பி வரும்போது துருவின்றி வரும்.

ஆண்டுக்கொரு முறை முழுமையாகத் துடைத்து எண்ணெயிட ஆயுத பூஜையைவிடத் தக்க நாள் இல்லை. குடகு மலையில் செப்டம்பர் மாதம் கொண்டாடும் கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிகளைத் துடைத்து அலங்கரித்து வணங்குகின்றனர். நமக்கு ஆயுத பூஜை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் தறுவாயில் வருகிறது. சந்தனமும் குங்குமமும் கட்டையில் வைக்கலாம். குழலில் வைத்தால் மறுநாள் காலையிலேயே துடைத்து எண்ணெயிட்டுவிட வேண்டும், ஈரச் சந்தனம் உலர்ந்த இடத்தில் வட்டமாகத் துரு பூத்துவிடும்.